நெட்டைக் கிளாஸ்

ஆசிரியர் பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் குட்டைக் கிளாஸ் தண்ணீரை நெட்டைக் கிளாஸில் ஊற்றினார். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இப்போ கூடிட்டதாத்தான் தெரியும். அதட்டிப் பயனில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஐந்து வயதில், ஜார்ஜ்டவுனில் கடைக்கு மேலிருந்த எங்கள் கடைவீட்டுச் சமையலறையில் ரோஜா சிராப் மணக்கும். அக்காவின் நெட்டைக் கிளாஸ்தான் வேண்டுமென்று நான் தினமும் அழுவேன். இரண்டும் ஒரே அளவுதான் என்று அம்மா மாற்றி மாற்றி ஊற்றிக் காட்டி அலுத்துப்போவார். ஒருநாள் முதுகில் அறைந்து, "பேராசை பிடிச்சவ!" என்றார். அந்தப் பேர் என் கல்யாணம்வரை கூடவே வந்தது.

இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்குப் பேராசை இல்லம்மா. அப்ப வயசு பத்தல லா. பாடத்துலயே இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? அழுததுக்கா அடிச்சேன்? அக்கா குடிக்கக் கூடாதுன்னு அவ கிளாஸ்ல எச்சி துப்புனியேடி!"