பதிவேட்டில் நான் இறந்திருந்தேன்

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்கும் வாங்க, காரைக்கால் பதிவு அலுவலகத்தில் பிறப்புச் சான்று கேட்டேன்.

“இந்தப் புள்ள மூணு மாசத்துலயே இறந்துட்டதா இருக்கே?” என்றார் எழுத்தர்.

லஞ்சத்துக்கு அடிபோடுகிறார் என்று நினைத்துக் கத்தினேன். வீட்டில் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. இறந்தது என் அண்ணன். அவன் பெயரையே எனக்கும் வைத்த அப்பா, ‘பேருதான் ஏற்கெனவே பதிஞ்சாச்சே’ என்று என் பிறப்பைப் பதியவே இல்லை.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். “பிரசவம் பார்த்தவங்க சாட்சி சொன்னா கோர்ட்டுல உத்தரவு வாங்கலாம்” என்றவர், ஞாயிற்றுக்கிழமை தானே விழிதியூர் கிராமத்துக்குச் சைக்கிள் மிதித்து அந்த மருத்துவச்சியைத் தேடிப்பிடித்தார்.

சான்று கைக்கு வந்த அன்று, “அன்னிக்குக் கத்திட்டேன், மன்னிச்சிடுங்க” என்றேன்.

“பொறந்ததும் எல்லாரும் கத்தத்தான் செய்வாங்க. விடுங்க தம்பி.”

எனக்குப் பிறந்தநாள் என்றால் அவர் சைக்கிள் மிதித்த அந்த ஞாயிறுதான்.