இரண்டு சிப்பாய்த் தொடக்கம்

என் மச்சானைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் தலைமுடியிலிருந்து தொடங்க வேண்டும். என் வயதுதான், ஒரு நரை கிடையாது. அதுவே எனக்குப் பிடிக்காது. என் மனைவியின் அண்ணன். ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு மேல் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் வீட்டில் பருப்பு கொதித்தாலும் அவர் பேச்சுதான்: எங்கண்ணன் அப்படி, எங்கண்ணன் இப்படி. செஸ்ஸிலாவது அவரை ஒரு தடவை ஜெயித்து, அதை அவள் வாயால் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசையில்லை.

நாங்கள் செஸ் பழகியது தோட்டத்து வாசிகசாலையில். வெள்ளைக் குதிரை ஒன்று தொலைந்துபோய், சோடா மூடிதான் குதிரை. அங்கே ஒரு வழக்கம்: முதல் தடவை மட்டும் ஆளுக்கு இரண்டு சிப்பாயை ஒவ்வொரு கட்டம் நகர்த்தலாம். மழை விட்டு வேலைக்குக் கூப்பிடுவதற்குள் ஆட்டம் முடிய வேண்டுமே!

போன மாதம் பதுளையில் பெரியவர்களுக்கு ஒரு போட்டி. ஒரே பஸ்ஸில் போன எங்களையே முதல் ஆட்டத்தில் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். எனக்கு வெள்ளை. கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு சிப்பாயைத் தள்ளினேன். மச்சான் உடனே நடுவராக இருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு தடவைக்கு ஒரு காய்தாங்க" என்று அந்தப் பெண் ஒன்றைத் திருப்பி வைத்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஏன் மச்சான், பஸ்ல வரையில சொன்னா என்ன?"

"நீங்க கேக்கலயே மாப்ள. நான் போன்ல பாத்துப் படிச்சேன்."

அதற்குப் பிறகு எனக்கு ஆட்டத்தில் புத்தி போகவில்லை. அவர் கறுப்பு முடியைப் பார்த்துக்கொண்டே ராணியைப் பறிகொடுத்தேன், தோற்றேன். சாயங்காலம் அவருக்கு மூன்றாம் இடம், ஒரு சின்னக் கிண்ணம். திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கிண்ணம் என் முழங்காலில் இடித்தது. வேண்டுமென்றே இடிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகையை விரித்தேன்.

"இங்க நம்ம சட்டம்தான் மச்சான்."

இரண்டு சிப்பாயைத் தள்ளினேன். அவரோ புதுப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டுக் கையை எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் கேட்கவில்லையே! அந்த ஓர் அடியை அவரால் கடைசிவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. ராஜாவைச் சாய்த்தார்.

"இந்தா, பாத்தியா! ஒங்கண்ணன் தோத்துட்டாரு!"

என் மனைவி தேத்தண்ணியை முதலில் அவரிடம் நீட்டினாள்.

"தங்கச்சி வீட்டுல வந்து ஜெயிக்கக் கூடாதுன்னு விட்டுக் குடுத்திருப்பாரு. எங்கண்ணன் அப்படித்தான்."

இல்லை என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.