தாள் திருப்பியவர்

என் அப்பா அழகுமுத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில், வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணி பியானோ வாசிக்கும்போது பக்கத்தில் நின்று இசைத் தாள் திருப்பியவர் அவர்தான். சாப்பாட்டு மேசை வேலைக்குப் போன மனிதர், தூசி தட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு அந்தச் சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிட்டார். தாள் எங்கே முடிகிறது என்று காதாலேயே பிடித்துவிடுவார். அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

1951ஆம் வருஷம் பங்களாவில் ஒரு கச்சேரி ஏற்பாடானது. துரைசாணி பியானோ, துரை வயலின், பக்கத்துத் தோட்டத்துத் துரை வயோலா, ஒரு டாக்டர் காலிடுக்கில் வைத்து வாசிக்கிற செல்லோ. நூற்றறுபது வருஷப் பழைய சங்கீதமாம். அதில் முதல் பாகம் முடிந்ததும் அதையே ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை வாசிப்பார்கள். அப்போது அப்பா ஐந்து தாளை ஒரே பிடியாகப் பின்னால் திருப்ப வேண்டும். எட்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையிலும் பிசகாமல் திருப்பினார்.

அதே சமயம்தான் இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமை மனுவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் கெடு. அப்பா பிறந்ததற்குப் பதிவு கிடையாது. இத்தனை வருஷமாக இந்தத் தோட்டத்திலேயே இருக்கிறார் என்று துரை ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கச்சேரிக்கு மறுநாள் தருவதாகத் துரையே வாயால் சொல்லியிருந்தார்.

கச்சேரியன்று விருந்தாளிகள் தாமதமாக வந்தார்கள். இரண்டாம் தடவை வாசிப்பதை விட்டுவிடலாம் என்று நால்வரும் பேசி முடிவெடுத்தபோது, அப்பா வெளியே நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முதல் பாகம் முடிந்ததும் அப்பா வழக்கம்போல ஐந்து தாளையும் பின்னால் திருப்பினார். துரைசாணியின் கை நின்றது. மற்ற மூவரும் கொஞ்ச தூரம் போய்த் தடுமாறி நிறுத்தினார்கள். விருந்தாளிகள் சிரித்தார்கள். துரைக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் கடிதத்துக்குப் போனவரை, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தி, துரை எரிச்சலில் இருக்கிறார், இரண்டு மாசம் போகட்டும் என்று அனுப்பிவிட்டார். கெடுவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நேரில் போய்க் கேளுங்கள் என்று அம்மா கெஞ்சினாள்.

"அவங்க வாசிப்பக் கெடுத்தவன் நானு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி கேக்குறது?" என்றார் அப்பா.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. துரை மேல் இருக்கிற கோபத்தைவிட அப்பா மேல்தான் அதிகம். கடிதம் இல்லாமலே மனுப் போட்டோம். தள்ளிவிட்டார்கள். அப்பா, அம்மா, நான், மூன்று பேருக்கும் எந்த நாடும் இல்லை என்றானது.

ஐம்பத்தேழில் துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பியது. போகிற அன்று அப்பாவைக் கூப்பிட்டு, கேட்காமலே ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தார்கள். கண்டாக்கையா எங்கள் லயத்து வீட்டு வாசலில் வைத்து வாசித்துக் காட்டினார். அழகுமுத்து நாணயமானவன், 1929 முதல் இருபத்தெட்டு வருஷம் இடைவிடாமல் இந்தத் தோட்டத்திலேயே இருந்து வேலை செய்தவன் என்று எழுதி, துரை கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத அன்னைக்கு எழுதியிருந்தா அவரு கை ஒடிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் அம்மா.

அப்பாவோ வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறிவிட்டார்.