உடுமலைச் சாலையில் ஒரு குழி

துடியலூர் அலுவலகத்தில் ஆறு வருடமாகத் தார்ச்சாலைகளைக் கணினியில் வடிவமைக்கிறாள் லோகப்பிரியா. லாரிகளின் எண்ணிக்கையையும் எடையையும் கொடுத்தால், மண், ஜல்லி, தார் எல்லாம் திரையில் வண்ண அடுக்குகளாக விரியும். தான் வடிவமைத்த சாலை ஒன்றிலாவது நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கேட்கும்போதெல்லாம், "வெயில்ல நீ எதுக்கு அம்மணி?" என்பார் முதலாளி லட்சுமணசாமி.

அவள் வடிவமைத்து உடுமலைப்பேட்டையில் புதிதாகப் போட்ட சாலையின் தடிமனைச் சரிபார்க்க இந்த முறையும் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் மனோஜ்குமார்தான் போனான். சாயங்காலம் திரும்பியவன், சாலையைத் துளைத்து எடுத்த உருளைத் துண்டை அவள் மேசையில் வைத்தான்.

"இந்தாங்க, உங்க ரோடு. ஆசை தீர இதுமேலயே நடந்துக்குங்க."

அவள் இரு கையாலும் தூக்கினாள். இவ்வளவு கனக்கும் என்று திரை ஒருநாளும் சொன்னதில்லை.

"குழியை அடைச்சுட்டீங்களா?"

"தார்க் கலவை தீந்துபோச்சுங்க. தகடு போட்டு மூடி வெச்சிருக்கறேன். நாளைக்குத்தான் அடைக்கோணும்."

துண்டோடு முதலாளி அறைக்குப் போனாள்.

"ஏனுங்க சார், நாளைக்கு அந்தக் குழியை நானே அடைச்சுப்போட்டு வாரேனுங்க."

"வெயிலு..."

"குடை இருக்குதுங்க."

அவர் பதில் சொல்லும்வரை துண்டைக் கீழே வைக்காமல் நின்றாள்.