தண்ணி என்றொரு ஃபைல்

அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்த வருடம், கம்ப்யூட்டர் கேமைக் கெடுப்பதில் நான் பெரிய ஆளாக இருந்தேன். கெடுப்பது என்பது அப்பாவின் சொல். நாங்கள் அதை மோட் போடுவது என்போம். ஊர் முழுக்க வண்டி ஓட்டித் திரிகிற ஒரு வெளிநாட்டு கேம். அதன் ஃபோல்டருக்குள் புகுந்து, அவர்களுடைய நீளமான காரைத் தூக்கிவிட்டு நம் ஷேர் ஆட்டோவை வைப்பது, அவர்களுடைய ஹோட்டல் போர்டை எடுத்துவிட்டு நம் டீக்கடை போர்டை ஒட்டுவது, இதுதான் வேலை. குரோம்பேட்டையில் நான் படித்த இன்ஜினியரிங் காலேஜில் இதே பைத்தியமாக மூன்று பேர் இருந்தோம். அந்த உழைப்பில் கால்வாசியைப் பரீட்சைக்குப் போட்டிருந்தால் அரியர் என்ற வார்த்தையே எனக்குத் தெரிந்திருக்காது.

அக்கா நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். ஒரு நாள் காலை, வேளச்சேரி ரோட்டு ஜங்ஷனைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு தண்ணி லாரி உரசுகிற மாதிரி வர, அவள் ஓரமாக ஒதுங்கினாள். அதற்கு முன் போன இன்னொரு லாரி ஒழுகவிட்டுப் போயிருந்த ஈரத்தில் சக்கரம் வழுக்கிவிட்டது. காலில் பிளேட் வைத்தார்கள். எலும்பு சமர்த்தாகக் கூடிவிட்டது. நடக்கலாம் என்றார் டாக்டர், பிறகு வண்டியும் ஓட்டலாம் என்றார். அக்காதான் கேட்டைத் தாண்டவில்லை. தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டால் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள்.

ஆபீஸ் லீவு முடியப்போகிறது. கம்பெனி வேன் எங்கள் பக்கம் வராது. அம்மா, "வேலைய விட்டுடு, உயிரோட இருந்தா போதும்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வண்டியெல்லாம்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கும். அக்கா பழத்தை உரிக்க ஆரம்பித்துவிடுவாள். முன்பெல்லாம் இப்படிப் பேசினால் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள். அந்த அக்கா எங்கே போனாள் என்றுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

ஒரு சாயங்காலம் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். "இதுல ஸ்கூட்டர் இருக்கா?"

இருந்தது. அவளுடையதே போல நீலத்தில் ஒன்று போட்டு வைத்திருந்தேன். காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து, அம்புக்குறி கீகளில் விரலை வைத்தாள். அந்த கேமில் எல்லோரும் கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள், நடைபாதையில் ஏறுவார்கள், விளக்குக் கம்பத்தைச் சாய்ப்பார்கள். இவள் இடது ஓரமாக, சிக்னலுக்கு நின்று, மெதுவாகப் போனாள். "அக்கா, இதுல போலீஸ் பிடிக்க மாட்டாங்க" என்று சீண்டினேன். திரும்பியே பார்க்கவில்லை. அவள் விளையாடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சற்று நேரத்தில் எதிரே தண்ணி லாரி வந்தது. நானே செய்து போட்ட லாரி. அது திரையில் தலைகாட்டியதுமே கேம் ஹேங் ஆகிவிட்டது. லாரி பாதியில் நிற்கிறது, இன்ஜின் சத்தம் மட்டும் ஒரே இடத்தில் கிர்ர்ரென்று அறுக்கிறது. அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா, இங்கயும்" என்றாள்.

அந்த "இங்கயும்" என்னைக் குத்திவிட்டது. அன்றே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். மோட் போட எல்லோருக்கும் ஆசை, சுத்தம் செய்ய ஒருவருக்கும் ஆசை கிடையாது. போட்டதையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே விட்டு, ஒவ்வொரு முறையும் கேமை ஓட்டிப் பார்க்க வேண்டும். பரணைக் காலி செய்கிற மாதிரிதான். எப்போதோ போட்ட பஸ், எதற்கென்றே தெரியாத ஒரு பெட்டிக்கடை, பாதி மாடு என்று என்னென்னவோ கிடந்தது. வேண்டாததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கடைசியில் மாட்டியது லாரிதான். அதை எடுத்துவிட்டேன். கேம் எங்கேயும் நிற்காமல் ஓடியது.

அக்காவிடம் பெருமையாகக் கொடுத்தேன். சில நாள் ஓட்டினாள். கை சரளமாக வந்தது. ஓரத்தை விட்டு நடுவுக்குக்கூட வந்தாள். பிறகு ஒரு நாள் கேட்டாள்.

"லாரி எங்கடா?"

"எடுத்துட்டேன்க்கா. அதாலதான் ஹேங் ஆச்சு. இப்ப நிம்மதியா ஓட்டலாம்."

"லாரியே வராத ரோடு எங்க இருக்கு? அட்ரஸ் சொல்லு, அங்கயே வேலை தேடிக்கறேன்."

பழைய அக்கா ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு குரலை இறக்கி, "அது வரணும்டா. வந்து என்னைத் தாண்டிப் போகணும். அது போறத நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் காலேஜ் கேன்டீனில் மற்ற இருவரையும் பிடித்து உட்காரவைத்தேன். ஒருவன் கோவளம் பக்கத்து மீன்பிடிக்கிற குடும்பம். கேமில் இருந்த கடலைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, நீச்சல் குளம் மாதிரி கீது" என்று கோபித்துக்கொண்டு, தன் ஊர்க் கடலைப் படமெடுத்துப் போட்டவன். இன்னொருவன் தாம்பரம்; கடை போர்டுகளெல்லாம் அவன் கைவேலை. மூன்று பேருடைய சரக்கையும் சிடியில் வாங்கி என் கம்ப்யூட்டரில்தான் ஒன்றாகக் கொட்டியிருந்தோம்.

"லாரிக்கு மேல ஒட்டற படம் இருக்குல்ல, அதுக்கு இன்னா பேர் வெச்ச?" என்று கேட்டான் கோவளத்துக்காரன்.

"தண்ணி."

"அடப்பாவி, நானும் தண்ணிதான்டா வெச்சிக்கீறேன். கடல்ல வேற இன்னா கீது?"

போர்டுக்காரன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான்," என்றான் மெதுவாக, "ஒயின் ஷாப் போர்டு ஒண்ணு பண்ணேன் இல்ல..."

"அதுக்கும் தண்ணியா?"

"வேற எப்படிடா வெப்பாங்க?"

விஷயம் விளங்கிவிட்டது. ஒரே பெயரில் மூன்று ஃபைல். ஒன்றின்மேல் ஒன்றைக் கொட்டும்போது, ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றவா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டிருக்கிறது. நாங்களும் எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டியிருக்கிறோம். லாரி தன் படத்தைத் தேடிப் போனால் அங்கே வேறு எதுவோ உட்கார்ந்திருக்கிறது. குழாயில் வருவதும் தண்ணி, கடலில் கிடப்பதும் தண்ணி, குவார்ட்டரில் இருப்பதும் தண்ணி என்று வைத்துக்கொண்ட ஜனங்கள் நாம். யார் சொல்கிறார்கள், என்ன நேரம், முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே எந்தத் தண்ணி என்று புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேன்டீன்காரர் வந்து அதட்டினார்.

வீட்டுக்கு வந்து லாரியைத் திரும்ப உள்ளே விட்டு, மூன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். அவசரத்தில் அதிலும் ஒரு பெயரை மாற்றி வைத்துவிட்டேன். அக்கா ஓட்டிக்கொண்டிருக்கும்போது லாரி வந்தது. இந்த முறை கேம் நிற்கவில்லை. ஆனால் லாரியின் டேங்க் முழுக்கக் கொட்டை எழுத்தில் "பார் வசதி உண்டு" என்றிருந்தது. அக்கா அதை உற்றுப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஸ்டூலைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். என்னவோ ஏதோ என்று அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். விழுந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அந்த வீடு கேட்டதில்லை. மூன்று தண்ணியின் கதையையும் சொன்னேன். மறுபடி சிரித்தாள்.

அதையும் சரிசெய்தேன். துருப்பிடித்த பச்சை டேங்க்கோடு லாரி ஒழுங்காக வந்தது. முதல் லாரிக்கு அக்கா ஓரம்கட்டி, அது போகிறவரை நின்றாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஹேங் ஆகித் தொலைக்காதே என்று கேமைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்ததற்கு நிற்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தாள். அதற்கடுத்தது அவளைத் தாண்டிப் போனபோது திரையில் அதன் பின்பக்கம் சின்னதாகி மறைகிறவரை பார்த்தாள்.

"இன்னொண்ணு வருமா?" என்றாள்.

லீவு முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரைத் துடைத்து வெளியே எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். அம்மா கேட்டைப் பிடித்தபடி நின்றாள். தெருவைத் தாண்டி வேளச்சேரி ரோட்டுக்கு வந்ததும் அக்காவின் தோள் இறுகுவது தெரிந்தது. அதே ஜங்ஷனில் வண்டிகள் சிக்னலுக்கு நின்றிருந்தன. பின்னாலிருந்து பெரிதாக ஒன்று உறுமிக்கொண்டே வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. பச்சை டேங்க். மூடி சரியில்லாமல் தண்ணீர் தளும்பி, என் முழங்கைமேல் தெறித்தது. அக்கா பிரேக்கைப் பிடித்திருந்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் வண்டிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இது எந்தத் தண்ணிடா?"

பிரேக்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"குடிக்கறதுதான்க்கா" என்றேன்.

"எந்தக் குடிக்கறது?"

நான் பதில் சொல்வதற்குள் பச்சை சிக்னல் விழுந்துவிட்டது. அக்கா ஹாரன் அடித்துக்கொண்டு, லாரிக்கு முன்னால் வண்டியை எடுத்தாள்.