கிழக்குப் பார்த்த நாற்பது வீடுகள்

நாற்பது வீடு, நான்கு தெரு, ஒரு பிள்ளையார் கோயில், சீவலப்பேரி டவுன் பஸ் நிற்கிற நிழற்குடை. இவ்வளவும் நான் எழுப்பியவை. நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். சாந்துச் சட்டி சுமந்து கொத்தனார் ஆனவன். வயக்காட்டில் எவன் குடிவருவான் என்று சிரித்தவர்களே பிறகு என்னிடம் மனை கேட்டு வந்தார்கள். இன்று பாளையங்கோட்டையில் எந்த ஆட்டோக்காரரிடமும் எங்கள் நகரின் பெயரைச் சொன்னால் போதும், வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

எல்லா வாசலும் கிழக்குப் பார்த்தது. அதுதான் என் சாமர்த்தியம். தெற்குப் பார்த்த மனை என்றால் இங்கே பாதிப் பேர் வண்டியை விட்டே இறங்க மாட்டார்கள். அதனால் தெருக்களை வடக்கு தெற்காகப் போட்டு, தெருவுக்கு மேற்கே மட்டும் வீடு வைத்தேன். மேற்கிலிருந்து ஆற்றுக்குப் போகிற வடிகால் ஓடை ஒன்று அவற்றுக்குக் குறுக்கே கிடந்தது. மண்ணடித்து மூடினேன்.

வயல்களுக்கு மடை திறந்துவிடுகிற நீர்பாய்ச்சி, மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“ஓடைய மூடுதீரே, தண்ணி எங்கன போவும் வே?”

“நான் வீடு கட்டுதேன் அண்ணாச்சி. தண்ணிக்கு வழி சொல்லத்தான் நீரு இருக்கீருல்லா!”

வேலையாட்கள் சிரித்தார்கள்.

“அதுக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம் வே. அதுக்கே தெரியும்” என்று போய்விட்டார்.

தெரிந்துதான் இருந்தது. போன மார்கழி மழையில் கொல்லைக் கதவு வழியாக வந்தது. நான் முதலில் கட்டிக்கொடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் தனியாக இருக்கிறார். பீரோவிலிருந்த கல்யாணப் படங்கள் கூழாகிவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சொன்னார்:

“கெழக்கு வாசல்னு நீங்க சொன்னது வீண்போகல அண்ணாச்சி. தண்ணி அது வழியாத்தான் நேரா வெளிய போவுது.”

நீர்பாய்ச்சியின் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், அவர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மட்டும் இன்னும் என் காதில் கிடக்கிறது.

இப்போது நகர்ச் சங்கத்தார் முகப்பில் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். ‘அனைவரின் முயற்சியால் உருவான நகர்’ என்று எழுதியிருக்கிறார்கள். என் பேர் எங்கே என்று கேட்டேன். செயலாளர் என் தோளில் கை வைத்தார்.

“ஒங்க நல்லதுக்குத்தான் அண்ணாச்சி. பேரப் போட்டா, ஓடைய மூடினது இவருதானான்னு நாளப் பின்ன கேப்பாங்கல்லா?”

கேட்கட்டும். அனைவருமா சாந்து குழைத்தார்கள்? அனைவருமா ஓடையில் மண்ணடித்தார்கள்? இரண்டும் நான் செய்தது. நாற்பது வீட்டையும் கட்டியவன் இவன் என்று எழுதுங்கள். அதே அளவு எழுத்தில், ஓடையை மூடியவனும் இவன் என்று எழுதுங்கள். தண்ணீர் எங்கே போகும் என்று நீர்பாய்ச்சி கேட்டதற்கும் ஒரு வரி வேண்டும். எழுத்து கூடுகிறது என்றால் ‘அனைவரின் முயற்சி’யை எடுத்துவிடுங்கள். என் பேரை எடுக்கக் கூடாது.