பத்து வருஷம் நிற்கும் பசை

வெள்ளானூர்ச் சாலையோரத்துப் பழைய சத்திரத்தை இடிக்கக் கூடாது என்று நான் எழுதிப்போட்ட மனுவுக்கு, அதிசயமாக உத்தரவே வந்துவிட்டது. அதைச் சுவரில் ஒட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் தூக்குச்சட்டி நிறையப் பசை. அதற்குள் ஜேசிபி பின்கட்டைத் தின்று தீர்த்திருந்தது. முன்சுவர் மட்டும்தான் பாக்கி.

"நைனா, இந்தச் செவுத்த மட்டும் கொஞ்ச நேரம் உட்டு வை," என்றார் டிரைவரிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இடிக்கக் கூடாதுன்னு உத்தரவு உங்க கையிலயே இருக்கு. நிறுத்தச் சொல்லுங்க சார்!"

"ஒட்றதுதான் சார் என் வேலை. நிறுத்தறதுக்கு வேற ஆளு வருவாங்க. கட்டடத்துலயே ஒட்டணும்னு ரூல்ஸ்ல கீது."

கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் காகிதத்தின் சுருக்கங்களை நீவிவிட்டார். இரண்டடி பின்வாங்கி, கோணலாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"மயில்துத்தம் போட்டு ஊட்லயே காச்சின பசை சார். பூச்சி அரிக்காது. பத்து வருசம் நிக்கும்."

பிறகு ஃபைலுக்காகப் போனில் படம் எடுத்தார், பின்னாலிருந்த இடிபாடு படத்தில் விழாதபடி.

"முடிஞ்சிச்சா அண்ணாத்தே?" என்றார் டிரைவர்.

"முடிஞ்சிச்சு," என்று ஒதுங்கி நின்றார்.

சுவர் விழுந்தது. புழுதி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். எத்தனையோ மழைக்கு அசையாத சுவர் தூள்தூளாகக் கிடந்தது. பெயர்ந்த காரைப் பாளம் ஒன்றில் உத்தரவு மட்டும், முத்திரையோடு, ஓரம்கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது.

பசை விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.